மலை ஏறும் மஸ்டாங்குக்கு எந்த ரேடியேட்டர்?

பழைய அமெரிக்கக் கார்களுக்கு ரேடியேட்டர் வாங்குவது பற்றிப் படிக்க உட்கார்ந்தால், எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு கேள்விகளில்தான். உள்ளே தண்ணீர் ஓடும் குழாய்கள் எத்தனை வரிசை? அலுமினியமா, செம்பா? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காடு ஏறுகிறவர் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், பேருந்துக்குப் பின்னால், இரண்டாவது கியரில், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்த ரேடியேட்டர் வழியாக எவ்வளவு காற்று போகும்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங். இரண்டு கதவு ஹார்ட்டாப். 289 கன அங்குல வி8, நம் கணக்கில் 4.7 லிட்டர். இரண்டு பேரல் கார்புரேட்டர், 200 குதிரைசக்தி என்று ஃபோர்டு அந்தக் காலத்தில் சொன்ன இஞ்சின். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துடையது. தூதரகத்துக்காரர்கள் விட்டுப்போகும் வெளிநாட்டுக் கார்களை எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு வணிக நிறுவனம் மூலமாக விற்றுவந்த காலத்தில், இப்போதைய முதலாளி ஐயாவின் அப்பா வாங்கியது. என் அப்பா அந்தத் தோட்டத்தில் டிரைவர். நான் ஐந்து ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை போட்டபிறகு, வண்டிக்கு எது என்றாலும் ஐயா என்னைத்தான் கூப்பிடுவார். என் சொந்த வண்டி இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும்.

மஸ்டாங்கை மஸில் கார் என்று சொல்லக்கூடாது, அது போனி கார் என்று சிலர் சொல்வார்கள். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ மாதிரி, நடுத்தர உடம்பில் மிகப்பெரிய இஞ்சினை வைத்ததுதான் மஸில் கார் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் நாம் பேசும் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே சிக்கல். வார்ப்பிரும்பில் செய்த கனமான வி8, அதற்கு முன்னால் போதாத அளவில் ஒரு ரேடியேட்டர், பெல்ட்டில் ஓடும் ஒரு ஃபேன்.

வண்டி சூடாவது மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. ஓமலூர் பைபாஸில் 80-ல் போனால் முள் மெல்ல மெல்ல ஏறும். ஊருக்குள், நான்கு ரோடு சிக்னலில் நின்றால் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். மலைப்பாதையில் பாதி வளைவு தாண்டுவதற்குள் கொதித்துவிடும். வழியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குரங்குகள் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

ஐயா நேராக முடிவுக்கு வந்துவிட்டார். "அமெரிக்காவிலிருந்து நாலு வரிசை அலுமினியம் வரவழைச்சிடலாம்ப்பா, என்ன ஆகுதோ ஆகட்டும்" என்றார். நான் கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்றேன். எங்கே சூடாகிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். வேகமாகப் போகும்போது சூடேறினால், காற்று போதுமான அளவு வருகிறது, தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை என்று பொருள். குழாய் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் அமுங்கி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்ப்ரிங் இருக்கவேண்டும். துருப்பிடித்து அது காணாமல் போயிருக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போகும்போது மட்டும் சூடேறினால் குறை காற்றுப் பக்கம். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தது. அதனால் ஒரே பொருளை வாங்கிப் போட்டுத் தீர்க்கமுடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இப்போது எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அதை வைத்து ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகக் காட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல ரேடியேட்டரில் சூடு மேலிருந்து கீழே சீராகக் குறையும். எங்களுடையதில் வலது ஓரம் முழுக்கத் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. மேல் டேங்குக்கும் கீழ் டேங்குக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம். வித்தியாசம் அதிகமாக இருந்தால் நன்றாகக் குளிர்விக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கொஞ்சம் தண்ணீர்தான் போகிறது, போகிற அந்தக் கொஞ்சம் மட்டும் நன்றாகக் குளிர்கிறது. இஞ்சினுக்கு அது போதாது.

செவ்வாய்பேட்டையில் லாரி ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் ஓடும் ஊரில் ரேடியேட்டர் வேலைக்கு ஆள் கிடைப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இவர் பொறுமையானவர். மேல் டேங்கை ஈயம் உருக்கிக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. "போர் தண்ணியா தம்பி ஊத்துனீங்க?" என்றார். பல வருடங்களாக யார் யாரோ ஊற்றியது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாமாங்கம், குரும்பப்பட்டிப் பக்கம் முழுக்க மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது உள்ள பூமி. எங்கள் பட்டறைப் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீர் 90 டிகிரியில் வருடக்கணக்கில் சுற்றினால் சுண்ணாம்பும் மக்னீசியமும் குழாய்ச் சுவரில் படியாமல் என்ன செய்யும்? படிந்த அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. அப்புறம் குழாயே மூடிக்கொள்ளும்.

பாய் தட்டைக் கம்பி விட்டு ஒவ்வொரு குழாயாக அடைப்பு எடுத்தார். மாட்டி ஓட்டினோம். பைபாஸ் சூடு போய்விட்டது. 80-ல் எவ்வளவு தூரம் போனாலும் முள் நின்ற இடத்தில் நின்றது. மலைப்பாதைச் சூடு மட்டும் கொஞ்சம்தான் குறைந்தது, போகவில்லை. எனக்கு இது பெரிய பாடம். ஒரே ரேடியேட்டர், ஒரே இஞ்சின், சமவெளியில் போதுமாக இருக்கிறது, மலையில் போதவில்லை.

ஏன் என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆள்களோடு வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியாக 100 மீட்டருக்கு 5 அல்லது 6 மீட்டர் ஏறுகிறோம். 25 கிலோமீட்டர் வேகத்தில் இதை ஏற, சக்கரத்தில் 8 கிலோவாட் அளவுக்குத் தேவை. சமவெளியில் 100-ல் போக 17 கிலோவாட் அளவு தேவை. அதாவது மலையில் இஞ்சின் செய்யும் வேலை பைபாஸில் செய்வதில் பாதிதான். ஆனால் முன்னாலிருந்து மோதும் காற்றின் வேகம் நாலில் ஒரு பங்கு. வேலை பாதியாகிறது, காற்று காலாகிறது. சூடு அதிகமாக உற்பத்தியாவதால் வண்டி கொதிக்கவில்லை, உற்பத்தியான சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லாததால் கொதிக்கிறது.

உயரமும் கொஞ்சம் விளையாடுகிறது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட 14 சதவீதம் அளவுக்குக் குறைவு. ஒரே அளவு காற்றை ஃபேன் இழுத்தாலும் அது தூக்கிச்செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். தண்ணீரும் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை ஈடுகட்ட மேலே காற்று குளிர்ந்திருக்கிறது. சேலத்தில் 40 டிகிரி அடிக்கும் நாளில் ஏற்காட்டில் 30-ஐத் தொடுவதே அபூர்வம். 90 டிகிரி தண்ணீருக்கும் 40 டிகிரி காற்றுக்கும் வித்தியாசம் 50. அதே தண்ணீருக்கும் 28 டிகிரி காற்றுக்கும் 62. ரேடியேட்டர் கடத்தும் சூடு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அதனால்தான் கடைசி வளைவுகளை விட முதல் வளைவுகள் ஆபத்தானவை. கீழே சூடேற்றிக்கொண்டு ஏறினால் மேலே போய்க் குளிர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியேட்டர்களைப் பார்த்தால் விளம்பரங்கள் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் வரிசை. நாலு வரிசை மூன்று வரிசையை விட நல்லது என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை. முதல் வரிசையைத் தொடும் காற்று வெளிக்காற்று. இரண்டாவது வரிசைக்கு வரும்போது சூடாகிவிட்டது. நாலாவது வரிசைக்கு வருவது ஏற்கனவே வெந்த காற்று, அதனால் அது எடுக்கும் சூடு கொஞ்சம். அதோடு கோர், அதாவது குழாய்கள் இருக்கும் நடுப்பகுதி, தடிக்கத் தடிக்கக் காற்று உள்ளே நுழையத் தயங்கும். 100-ல் போகிறவருக்கு இது பரவாயில்லை, காற்று தானே தள்ளிக்கொண்டு போகும். ஃபேனை மட்டும் நம்பி ஏறுகிறவருக்கு நாலாவது வரிசை நஷ்டமாகவும் முடியலாம். பாய் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "லாரிக்கு நாலு வரிசை போடறோம்னா அதுக்கு மூஞ்சி பெருசு, ஃபேனும் பெருசு தம்பி. இந்த வண்டிக்கு மூஞ்சியே இல்லையே."

உண்மையிலேயே இல்லை. 1965, 66 மஸ்டாங்கில் ரேடியேட்டருக்குக் காற்று வரும் திறப்பு 17 இன்ச் அகலம்தான். 1967-ல் 390 கன அங்குல இஞ்சினைப் பொருத்துவதற்காக ஃபோர்டு முன்பக்கத்தையே பெரிதாக்கியது. அதனால் 66 வண்டிக்காரர்கள் பலர் ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டை இரண்டு பக்கமும் வெட்டி, பின்னால் வந்த மாடல்களின் 24 இன்ச் ரேடியேட்டரைப் பொருத்திக்கொள்கிறார்கள். குளிர்விக்கும் வேலையை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. தடிமனைக் கூட்டுவதை விட முகத்தைக் கூட்டுவது எப்போதும் நல்லது. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு இன்ச்சும் புதிய காற்றைச் சந்திக்கும். ஐயாவிடம் சொன்னேன். "அப்பா வாங்கின வண்டியில கட்டிங் மெஷின் வைக்கவேண்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம், ஆனால் வெட்டாத வண்டியாக அது மறுபடி ஆகாது. அவர் சொன்னது எனக்குச் சம்மதமே.

ஆக 17 இன்ச்சுக்குள்தான் தேடவேண்டும். இங்கேதான் அலுமினியமா செம்பா என்ற கேள்வி வருகிறது.

சூட்டைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தை விடக் கெட்டி. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் செம்பு 400 வாட் அளவு கடத்தும், அலுமினியம் 235-க்குப் பக்கத்தில். அப்படியென்றால் ஏன் உலகமே அலுமினியத்துக்குப் போனது? எடையும் விலையும் ஒரு காரணம். இன்னொன்று, பழைய ரேடியேட்டரில் செம்பு ஃபின்னும் (குழாய்களுக்கு நடுவில் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய தகடு) பித்தளைக் குழாயும் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஈயம் சூடு கடத்துவதில் மந்தம். அலுமினியக் கோரை உலையில் பிரேசிங் செய்கிறார்கள், ஒட்டிய இடமும் கிட்டத்தட்ட அதே உலோகம்தான். அதோடு அலுமினியக் குழாயை ஒரு இன்ச் அகலத்துக்குச் செய்யலாம், அழுத்தத்தில் உப்பாது. பித்தளைக் குழாய் பெரும்பாலும் அரை இன்ச் அளவில்தான் வரும். ஒரு இன்ச் குழாய் இரண்டு வரிசை வைத்தால், அரை இன்ச் குழாய் நாலு வரிசை வைத்த அளவுக்கு ஃபின்னோடு தொடுபரப்பு கிடைக்கும். தடிமனும் குறையும், காற்றும் சுலபமாகப் போகும். அதனால் அலுமினிய ரேடியேட்டர் வாங்குகிறவர்கள் வரிசையை எண்ணாமல் குழாயின் அகலத்தைக் கேட்கவேண்டும். நாலு வரிசை அலுமினியம் என்று விற்பதில் குழாய் அகலம் குறைந்ததாக இருந்தால், அது இரண்டு வரிசைக்குச் சமம்தான்.

அலுமினியத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் வெட்டிக்கொண்டு போனது எங்கள் சேர்வராயன் மலையிலிருந்துதான். கான்டெஸா வைத்திருக்கும் தம்பி ஒருவருக்கு நானே அலுமினியம்தான் சிபாரிசு செய்தேன். அவர் வண்டியில் ஏசி ஓடுகிறது, தினமும் ஓட்டுகிறார், முன்னால் இடமும் இருக்கிறது. அவருக்கு அதுதான் சரி.

மஸ்டாங்குக்கு வேறு மாதிரி யோசித்தேன். அலுமினியத்துக்கு இரண்டு விரோதிகள். ஒன்று உப்புத்தண்ணீர், இன்னொன்று திரிந்து ஓடும் மின்சாரம். பழைய வண்டியில் எர்த் ஒயர் தளர்ந்திருந்தால் மின்சாரம் கூலன்ட், அதாவது ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்க் கலவை, வழியாக வழி தேடும், அலுமினியத்தை அரித்துப் பொடிப்பொடியாக ஓட்டை போடும். சோதிப்பது சுலபம். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, இன்னொன்றை ரேடியேட்டரில் படாமல் கூலன்டில் மட்டும் முக்கவேண்டும். லைட், ஹாரன், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்யவேண்டும், அலுமினியம் அப்புறம்தான். எங்கள் வண்டியின் ஒயரிங் கிட்டத்தட்ட 60 வயதுக்காரர். சரிசெய்துவிட்டேன் என்றாலும் நாளைக்கு எந்த முனை கழலும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம், பழுது பார்ப்பது. தோட்டத்தில் இருக்கும் வண்டி இது. வழியில் ஒரு கல் தெறித்து ஓட்டை விழுந்தால், செம்பு ரேடியேட்டரை எந்த லாரிப் பட்டறையிலும் ஒரு மணி நேரத்தில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கன் வெல்டிங் வேண்டும். சேலத்தில் அதற்கும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் தாள் மாதிரி மெல்லிய குழாயில் வெல்டிங் நிற்க வைப்பது எல்லோராலும் முடியாது. முடியாவிட்டால் கடல் தாண்டி இன்னொன்று வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். ஓடுவதற்காகத்தான் இவ்வளவு பாடும். நிற்கும் வண்டிக்கு எந்த ரேடியேட்டரும் தேவையில்லையே.

ஆகவே முடிவு இதுதான். ஃபோர்டு போட்ட பழைய மேல் டேங்க், கீழ் டேங்க், பக்கத் தகடு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நடுவில் புதிய செம்புக் கோர். மூன்று வரிசை. ஃபின் ஒரு இன்ச்சுக்கு 12. பாய் 16 போடலாம், இன்னும் குளிரும் என்றார். சுத்தமான சாலையில் குளிரும்தான். எங்கள் பாதையில் பூச்சி, தூசி, காய்ந்த இலைத்துகள் எல்லாம் வந்து ஃபின்னில் செருகிக்கொள்ளும். நெருக்கமான ஃபின் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் இடைவெளி விட்டால் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம். அடைப்பு எடுத்த பழைய கோரையே ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். அந்தக் குழாய்கள் பல இடத்தில் மெலிந்துவிட்டன, ஒட்டு இடங்களில் பச்சை பூத்திருந்தது. அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது ஓரத்தில் கசிந்தது.

மூன்று வரிசையோடு நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. கோர் தடித்தால் ஃபேனுக்கு இடம் போய்விடும். ஃபேனை விட்டுக்கொடுத்து வரிசையை வாங்குவது எங்கள் பாதைக்கு ஒத்துவராது.

இனி ஃபேன், அதைச் சுற்றிப் போடும் கூடான ஷ்ரவுட். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லவேண்டும், இதற்குத்தான் யாரும் பணம் செலவழிப்பதில்லை. எங்கள் வண்டியில் நாலு இறக்கை ஃபேன், ரேடியேட்டரிலிருந்து கையகலத் தூரத்தில், சுற்றிலும் எந்தக் கூடும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றும் ஃபேன் பக்கத்திலிருக்கும் இஞ்சின் அறைச் சூட்டுக் காற்றையே இழுத்துத் திரும்ப வீசும். கோரின் நடுவட்டத்தில் மட்டும் காற்று போகும், நாலு மூலையும் சும்மா இருக்கும். ஷ்ரவுட் போட்டால் ஃபேன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கோர் வழியாகத்தான் வந்தாகவேண்டும்.

என் பட்டறையிலேயே தகட்டில் செய்தேன். கோரின் முழு முகத்தையும் மூடும் பெட்டி, பின்னால் வட்டத் திறப்பு. இறக்கை நுனிக்கும் வட்டத்துக்கும் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. இஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதால் அதற்குக் கீழே போகக்கூடாது. இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி வைக்கவேண்டும். முழுக்க உள்ளே தள்ளினால் காற்று வெளியேற வழியில்லாமல் கலங்கும், முழுக்க வெளியே இருந்தால் ஷ்ரவுட் இருந்தும் இல்லாத கணக்கு. ஃபேனை ஆறு இறக்கை உள்ள கெட்டியான இரும்பு ஃபேனாக மாற்றினேன். வளையும் இறக்கை ஃபேன்கள் கிடைக்கின்றன, வேகத்தில் தட்டையாகிச் சத்தம் குறையும். அந்த மெல்லிய இறக்கைகள் வருடக்கணக்கில் வளைந்து வளைந்து வெடிப்பு விடும், உடைந்தால் பானெட்டையே கிழிக்கும். நான் போடமாட்டேன். எலக்ட்ரிக் ஃபேனும் யோசித்தேன். நல்ல ஃபேன் 30 ஆம்பியர் இழுக்கும். இந்த வண்டியின் ஆல்டர்னேட்டரே 40 ஆம்பியர் அளவுதான். ஹெட்லைட் போட்டு மலை இறங்கும்போது பேட்டரி என்ன ஆகும்?

ரேடியேட்டரைச் சுற்றி, தாங்கும் தகட்டுக்கும் கோருக்கும் நடுவில் இருந்த சந்துகளை எல்லாம் ரப்பர் பட்டை வைத்து மூடினேன். காற்று சோம்பேறி. சுலபமான வழி இருந்தால் கோருக்குள் நுழையாமல் பக்கத்தில் நழுவிவிடும்.

மாட்டும்போது ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டவில்லை. பழைய கோர் இருக்கும்போதே ஷ்ரவுட்டும் ஃபேனும் போட்டு மலை ஏற்றிப் பார்த்தேன். கொதிக்கவில்லை. சூடானது, ஆனால் கொதிக்கவில்லை. அடைப்பு எடுத்தபோது கிடைத்ததை விடப் பெரிய மாற்றம் மலையில் தகட்டுப் பெட்டியால்தான் கிடைத்தது. அப்புறம்தான் புதுக் கோர். இப்போது கோடை விழா நெரிசலில், நின்று நின்று ஏறினாலும் 95-ஐத் தாண்டுவதில்லை. ஓட்டத்தில் 85 பக்கம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. இஞ்சின் சூடானபிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்துவிடு என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். வேண்டாம். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபிறகு வழியைப் பெரிதாக மறிப்பதில்லை. அது இருப்பதால் இஞ்சின் பிளாக்குக்குள் தண்ணீருக்குக் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கிறது, சிலிண்டர் ஹெட்டின் சூடான மூலைகளில் ஆவிக் குமிழ் வருவது குறைகிறது. அது இல்லாமல் ஓட்டினால் காலையில் ஏற்காட்டுக் குளிரில் இஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும், சிலிண்டர் தேயும். 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் பயன் இல்லை. அது தொடங்கும் சூட்டைத்தான் மாற்றும், முடியும் சூட்டை மாற்றாது.

ரேடியேட்டர் மூடி பெரிய விஷயம். 13 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி ஒழுங்காக இருந்தால் ஏற்காட்டு உயரத்திலும் தண்ணீர் 115 டிகிரிக்குக் கிட்டத்தில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்த மூடியில் 95-லேயே கொதிக்கும். பெரிய ரேடியேட்டர் வாங்குமுன் ஒரு நல்ல மூடி வாங்கிப் பாருங்கள். சூட்டில் அதைத் திறக்காதீர்கள். என் அப்பாவின் முழங்கையில் அந்தத் தழும்பு இருந்தது.

கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லி டப்பாவில் எழுதியிருப்பது பனி விழும் நாடுகளுக்கு. கூலன்ட்டில் இருக்கும் கிளைகாலைப் பாதி கலந்தால் தண்ணீர் சுமக்கும் சூடு 15 சதவீதம் அளவு குறையும். எங்களுக்கு உறையும் பயம் இல்லை. நான் 30 சதவீதம்தான் கலக்கிறேன், துருப் பிடிக்காமலிருக்க அது போதும். மீதி பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். தோட்டத்து டிரைவரிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி, டிக்கியில் ஒரு கேன் எப்போதும் வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பெட்ரோலும் இதில் கை வைக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1966-ல் சுத்தப் பெட்ரோலுக்கு அளந்துவைத்த ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அதை ஓட்டினால் கலவையில் காற்று மிஞ்சி மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் இழுவை குறையும், ஏற்றத்தில் கால் இன்னும் அழுத்தும், எக்ஸாஸ்ட் பழுக்கும். அடுத்து ஜெட் கொஞ்சம் பெரிதாக்கி, தீப்பொறி டைமிங்கையும் பார்க்கவேண்டியிருக்கிறது. ரேடியேட்டர் வேலை முடிந்தபிறகுதான் அதைத் தொட நினைத்தேன், எது எதனால் சரியானது என்று தெரியவேண்டும் அல்லவா?

இதற்கிடையில் ஐயாவின் பேத்தி சென்னையிலிருந்து வந்து, "மாமா, ஏசி மட்டும் போட்டுடுங்களேன்" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஏசி போட்டால் அதன் சூட்டை வெளியே விடும் கன்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் வரும், கோருக்கு வரும் காற்றே சூடாகித்தான் வரும். அப்போது 17 இன்ச் செம்புக் கோர் மே மாத மலைப்பாதைக்குத் தாங்காது என்றுதான் என் கணக்கு சொல்கிறது. ஒரு இன்ச் குழாய் இரண்டு வரிசை அலுமினியமும், பெரிய ஆல்டர்னேட்டரும், கன்டென்ஸருக்குத் தனி எலக்ட்ரிக் ஃபேனும் வேண்டியிருக்கும். ஒயரிங் முழுக்கப் புதிதாக இழுக்காமல் அதைத் தொடமாட்டேன் என்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் காபி அறுவடை முடியட்டும் என்கிறார்.